மறுதலித்தவருக்கு மறுபடியும் வேலை!

பெரிய சனிக்கிழமை. நள்ளிரவு நெருங்கும் நேரம். தேவாலயத்தில் விளக்குகள் எல்லாம் அணைக்கப்படுகின்றன. வாசலில் நெருப்பு மூட்டுகிறார்கள். அந்த நெருப்பில் இருந்து ஒரு பெரிய மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது. பாதிரியார் அதைத் தாங்கியபடி இருண்ட கோவிலுக்குள் நடக்கிறார். அந்த ஒரு சுடரில் இருந்து பக்கத்தில் நிற்பவர் தன் கையில் உள்ள மெழுகுவர்த்தியைப் பற்ற வைக்கிறார். அவரிடம் இருந்து அடுத்தவர். பிறகு அடுத்த வரிசை. சில நிமிடங்களில் கோவில் முழுவதும் சிறு சிறு சுடர்கள்.

பெங்களூர் சிவாஜி நகரில் ஆனாலும் சரி, கோலார் தங்கவயலில் ஆனாலும் சரி, தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்தில் ஆனாலும் சரி, கத்தோலிக்கர்களின் ஈஸ்டர் இப்படித்தான் பிறக்கிறது. மற்ற சபையார் பலர் விடியற்காலையில் கூடுவார்கள். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே கூடி, கிழக்கு வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு பாடுவது உண்டு.

மார்ச் 21-ந் தேதியோ அதற்குப் பிறகோ வரும் பவுர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஈஸ்டர். அதனால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். மார்ச் 22-க்கு முன்பு வராது. ஏப்ரல் 25-ஐத் தாண்டாது.

பெரிய வெள்ளி எல்லோருக்கும் தெரியும். அன்று அலுவலகத்துக்கு லீவு. பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள் கஞ்சி குடித்துவிட்டுச் சிலுவைப் பாதைக்குப் போவதைப் பார்த்திருக்கிறோம். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் அதற்குத் தனி லீவு கிடையாது. மறுநாள் திங்கட்கிழமை வழக்கம்போல வேலை. வெளிநாடுகள் பலவற்றில் அந்தத் திங்கட்கிழமையும் விடுமுறை. நம் நாட்டில் அப்படி இல்லை. பிரியாணிச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, காலை ஷிப்டுக்கு ஓட வேண்டியதுதான்.

இதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. உண்மையில் ஈஸ்டர் கதையே அப்படி ஒரு வேலை நாளில்தான் முழுமை அடைகிறது. அந்தக் கதையின் நாயகன் ஏசுநாதர். ஆனால் அதில் நம்மைப் போன்ற ஒருவர் இருக்கிறார். கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்றும், மற்ற சபையார் பேதுரு என்றும் அழைக்கும் மீனவர் அவர்.

பேச்சே காட்டிக் கொடுத்தது

ராயப்பர் கலிலேயாக்காரர். பாலஸ்தீனத்தின் வடக்கே ஏரிக்கரையில் வலை வீசிப் பிழைத்தவர். ஏசு கூப்பிட்டார் என்பதற்காகத் தொழிலை விட்டுவிட்டுப் பின்னால் போனவர். முன்கோபி. எதையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பவர். எல்லோரும் கைவிட்டாலும் தான் மட்டும் கைவிட மாட்டேன் என்று ஏசுவிடம் அடித்துச் சொன்னவர்.

அன்று இரவே ஏசுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ராயப்பர் ஓடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தூரத்திலேயே பின்தொடர்ந்து, தலைமைக் குருவின் வீட்டு முற்றம் வரை போய்விட்டார். குளிரான இரவு. வேலைக்காரர்களும் காவலர்களும் கரி நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டு இருந்தார்கள். இவரும் அவர்களோடு நின்று கையை நீட்டினார்.

ஒரு வேலைக்காரப் பெண் உற்றுப் பார்த்தாள். நீயும் அந்த ஆளோடு இருந்தவன்தானே என்றாள். இல்லை என்றார். இன்னொருவர் கேட்டார். அப்போதும் இல்லை என்றார். பிறகு சுற்றி நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் கலிலேயாக்காரர் என்பதை அவருடைய பேச்சே காட்டிக் கொடுத்துவிட்டது.

வெளியூரில் பிழைக்கும் எவருக்கும் இந்த இடம் சட்டென்று புரியும். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். பஸ்ஸில் சில்லறை கேட்கும்போது, வீடு வாடகைக்குப் பேசும்போது, போலீஸ் நிலையத்தில் பெயர் சொல்லும்போது, "நீ எந்த ஊர்?" என்ற கேள்வி வந்து நிற்கும். கலவர நாட்களில் அந்தக் கேள்விக்கு எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நடந்திருப்பார்கள்! 1991-ல் காவிரிப் பிரச்சினையில் பெங்களூர் பற்றி எரிந்தபோது தமிழ் பேசாமல் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு ராயப்பரின் நடுக்கம் தெரியும்.

மூன்றாவது முறையும் அவர் மறுத்தார். இந்த முறை சத்தியம் செய்து மறுத்தார். சேவல் கூவியது. வெளியே போய் அழுதார்.

மறுநாள் ஏசுவைச் சிலுவையில் அறைந்தார்கள். சிலுவை அடியில் பெண்கள் நின்றார்கள். அருளப்பர் நின்றதாகவும் மரபு. ராயப்பர் அங்கே நின்றதாக நான்கு சுவிசேஷங்களில் எதிலும் சொல்லப்படவில்லை.

பெண்கள் கொண்டு வந்த செய்தி

ஞாயிறு அதிகாலை. உடலுக்குப் பூச வாசனைத் திரவியங்களோடு கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள். மகதலா ஊர் மரியாளும் அவர்களில் ஒருத்தி. வாசலை அடைத்திருந்த கல் புரண்டு கிடந்தது. உள்ளே உடல் இல்லை. அவர் உயிர்த்தெழுந்துவிட்டார், கலிலேயாவுக்குப் போகிறார், அங்கே அவரைக் காணலாம், இதைச் சீடர்களிடம் சொல்லுங்கள் என்ற செய்தி அவர்களுக்குக் கிடைத்தது.

மாற்கு எழுதிய சுவிசேஷம் இங்கே ஒரு சின்னத் தகவலைச் சேர்க்கிறது. சீடர்களிடம் சொல்லுங்கள் என்பதோடு நிற்கவில்லை. ராயப்பரின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டு, அவரிடமும் சொல்லுங்கள் என்று செய்தி வருகிறது. சீடர்கள் என்றால் அவரும் சேர்ந்தவர்தானே, எதற்காகத் தனியாகச் சொல்ல வேண்டும்? சீடர் என்ற கணக்கில் தான் இனி இல்லை என்று அவரே முடிவு கட்டியிருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவார்.

அன்றைய சமூகத்தில் பெண்களின் சாட்சிக்குப் பெரிய மதிப்பு கிடையாது. சீடர்களே அதைப் பிதற்றல் என்று தள்ளினார்கள் என்று லூக்கா எழுதுகிறார். கட்டிச் சொன்ன கதையாக இருந்தால் இப்படிப்பட்ட சாட்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருக்க மாட்டார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது.

அதே நாளில் இரண்டு பேர் மனம் வெறுத்துப்போய் எருசலேமை விட்டு எம்மாவுஸ் என்ற ஊருக்கு நடந்துகொண்டு இருந்தார்கள். சுமார் 11 கிலோ மீட்டர் தூரம். வழியில் கூட வந்தவர் யார் என்று சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது. பொழுது சாய்ந்துவிட்டது, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவில்லை. அந்த இரவிலேயே வந்த வழியே திரும்பி நடந்தார்கள்.

கண்ட பிறகும் வலை வீசப் போனார்

ஆனால் ராயப்பருக்கு விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. உயிர்த்தெழுந்த ஏசுவை அவர் எருசலேமிலேயே கண்டுவிட்டார். அதற்குப் பிறகும் கலிலேயாவுக்கு வந்து, மீன் பிடிக்கப் போகிறேன் என்று புறப்படுகிறார்! மரணத்தையே வென்றவரைக் கண்ணால் பார்த்தாயிற்று. அப்புறம் என்ன மீன்?

அற்புதம் வேறு, தனக்கு என்ன வேலை என்று தெரிவது வேறு. அவர் எழுந்துவிட்டார், சரி. நான் கைவிட்டவன் ஆயிற்றே, இனி என்னால் அவருக்கு என்ன பிரயோசனம்? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் தெரிந்த தொழிலுக்குத்தான் திரும்புவான்.

அவரோடு இன்னும் 6 பேர் படகு ஏறினார்கள். அவர்களில் ஒருவர் தோமையார். பிற்காலத்தில் மயிலாப்பூருக்கு வந்து, பரங்கிமலையில் உயிர் விட்டதாக நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் வழிவழியாக நம்பும் அதே தோமையார்தான். கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்னவர், அந்த இரவில் ராயப்பரோடு வலை இழுத்துக்கொண்டு இருந்தார்.

கலிலேயா ஏரி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கும் நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோ மீட்டர். 1986-ல் வறட்சியில் ஏரி வற்றியபோது, கரைச் சேற்றில் ஒரு பழைய மரப் படகு கிடைத்தது. சுமார் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். பல இடங்களில் ஒட்டுப் போடப்பட்டு, ஒரு மரம் கிடைக்காத இடத்தில் வேறு மரம் வைத்துத் தைக்கப்பட்ட ஏழைப் படகு. ராயப்பர் ஏறியதும் ஏறக்குறைய அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

இரவு முழுவதும் வலை வீசினார்கள். ஒரு மீன்கூட விழவில்லை.

விடிந்தபோது கரையில் ஒருவர் நிற்பது தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. படகின் வலப்பக்கம் வீசச் சொன்னார். வீசினார்கள். இழுக்க முடியாத அளவு மீன். அருளப்பருக்கு ஆள் புரிந்துவிட்டது. அவர் சொன்ன உடனே ராயப்பர் மேலாடையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் குதித்துவிட்டார். கரை சுமார் 90 மீட்டர் தூரம். மற்றவர்கள் படகிலேயே வலையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எண்ணிப் பார்த்ததில் 153 பெரிய மீன்கள். இந்த 153-க்கு என்ன ரகசியப் பொருள் என்று நூற்றாண்டுகளாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். மீனவன் மீனை எண்ணுவான், பங்கு பிரிக்க வேண்டாமா என்பதே போதுமான விளக்கம்.

அதே நெருப்பு

கரையில் கரி நெருப்பு எரிந்துகொண்டு இருந்தது. அதன்மேல் மீன் வெந்துகொண்டு இருந்தது. ரொட்டியும் இருந்தது.

கரி நெருப்பு. கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று, ராயப்பர் குளிர் காய்ந்தபடி மறுதலித்த முற்றத்தில். மற்றொன்று, இந்தக் கரையில். இரண்டையும் எழுதியது அருளப்பர் சுவிசேஷம். நனைந்த துணியோடு நெருப்பின் அருகே வந்து நின்ற ராயப்பருக்கு அந்தக் கரி வாசனை எதை நினைவுபடுத்தி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏசு ஏற்கனவே மீன் வைத்திருந்தார். இருந்தும், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள் என்று கேட்டார். இவர்கள் பாடுபட்டுப் பிடித்ததும் அந்தச் சாப்பாட்டில் சேர்ந்தது. முதலில் சாப்பாடு. பேச்சு பிறகு. இரவு ஷிப்டு முடிந்து பசியோடு வந்தவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சாப்பிட்ட பிறகு ராயப்பரைப் பார்த்து, தன்மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, உமக்கே தெரியும் என்றார் ராயப்பர். அப்படியானால் என் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொள் என்றார் ஏசு. மறுபடி அதே கேள்வி. அதே பதில். அதே வேலை. மூன்றாவது முறையும் கேட்டபோது ராயப்பருக்கு மனம் வலித்தது. மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை கேட்கிறார் என்று அவருக்குப் புரியாமல் இருக்குமா?

கேட்காமல் விட்டதைத்தான் கவனிக்க வேண்டும். அன்று ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. மெமோ கொடுக்கவில்லை. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும் என்று எழுதவில்லை. சம்பள உயர்வை நிறுத்தி வைக்கவில்லை. பழைய பைலை ஒருபோதும் மூடாத உலகம் இது. 20 ஆண்டுகளுக்கு முன்பு செய்த தவறு சர்வீஸ் ரிஜிஸ்தரில் உட்கார்ந்துகொண்டு பதவி உயர்வின்போது எழுந்து வரும். அந்தக் கரையில் தவறியவருக்குக் கிடைத்தது மன்னிப்பு மட்டும் அல்ல. முன்பைவிடப் பெரிய பொறுப்பு கிடைத்தது. மீனவர் மேய்ப்பர் ஆனார்.

அதே மூச்சில், இந்த வேலை சுகமானது அல்ல என்றும் ஏசு சொல்லிவிட்டார். முதிர்ந்த வயதில் விரும்பாத இடத்துக்கு உன்னைக் கொண்டு போவார்கள் என்று எச்சரித்தார். ரோமாபுரியில் நீரோ மன்னன் காலத்தில் ராயப்பர் சிலுவையில் தலைகீழாக அறையப்பட்டார் என்பது மரபு.

இவ்வளவும் கேட்ட ராயப்பர் என்ன செய்தார்? திரும்பிப் பார்த்தார். அருளப்பர் பின்னால் வருவது தெரிந்தது. இவர் கதி என்ன என்று கேட்டார். மனித குணம்! தனக்குக் கஷ்டமான சீட் கொடுத்தால் பக்கத்து மேசைக்காரருக்கு என்ன கொடுத்தார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம். அது உனக்கு எதற்கு, நீ உன் வழியில் என் பின்னால் வா என்ற பொருளில் பதில் வந்தது.

சுரங்கம் மூடிய ஊரில்

திரும்பிப் போகப் பழைய தொழிலும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ராயப்பருக்குப் படகாவது இருந்தது. பெங்களூரில் இருந்து 100 கிலோ மீட்டர் தூரத்தில் ஓர் ஊரே படகு இல்லாமல் நின்றது.

கோலார் தங்கவயல் தமிழர்களின் உழைப்பில் எழுந்த ஊர். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம் பக்கங்களில் இருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் போனார்கள். சிவசமுத்திரத்தில் இருந்து 1902-லேயே மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கியது. கூண்டில் ஏறி உள்ளே போனவர் மாலையில் மேலே வந்தால்தான் வந்தார் என்று கணக்கு. பாறை வெடித்துச் சரிந்து மூடியவர்கள் பலர். லைன் வீடுகளுக்கு நடுவே கோவில்களும், மாதா கோவில்களும், புத்த விகாரைகளும் எழுந்தன. பூமிக்கு அடியில் இருட்டில் வேலை செய்தவர்கள் பெரிய சனிக்கிழமை இரவில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள். கல்லறைக் கல் புரண்டது என்று வாசிக்கும்போது, அதை அவர்கள் கேட்ட விதமே வேறாக இருந்திருக்கும்.

2001 பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வேலை நின்றுபோனது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 15. ஒன்றரை மாதம்தான் இடைவெளி. பாறையில் துளை போடுவதைத் தவிர வேறு வேலை கற்காத 45 வயதுக்காரருக்கு, அந்த ஆண்டு நள்ளிரவுப் பூசையில் எதைப் பாட மனம் வந்திருக்கும்?

சிலர் குடியில் விழுந்தார்கள். மறைப்பதற்கு இல்லை. சிலர் நிலுவைத் தொகைக்காக ஆண்டுக்கணக்கில் நடந்தார்கள். மிகப் பலர் விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரெயில் ஏறினார்கள். பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர். கட்டிட வேலை, காவல் வேலை, ஓட்டல் வேலை, தையல் ஆலை வேலை. இரவு மறுபடியும் அதே ரெயிலில் வீடு. அப்பன் பார்த்த வேலைக்குப் பெயர் இருந்தது. மகன் பார்க்கும் வேலைக்குச் சில நேரம் பெயரே கிடையாது. ஆனாலும் அந்தச் சம்பளத்தில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் பட்டம் வாங்கினார்கள். தங்கவயல் பிள்ளைகள் இன்று பெங்களூரின் அலுவலகங்களில், ஆஸ்பத்திரிகளில், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள்.

ராயப்பருக்குச் சொல்லப்பட்டதும் ஒரு தொழிலின் பெயர் அல்ல. சிலரை அவர் பொறுப்பில் விட்டார்கள், அவ்வளவுதான். பசித்தால் ஊட்டு, வழி தவறினால் தேடு என்பதே அந்த வேலை. சுரங்கம் மூடினாலும், ஆலை மூடினாலும், பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்தாலும் அந்த வேலைக்கு ஆள்குறைப்புக் கிடையாது.

ஊரைவிட்டு வந்தவர்களில் பலருக்கு இந்தச் சோர்வு தெரியும். தங்கை கல்யாணத்துக்கு என்று வந்தார். கல்யாணம் முடிந்தது. ஊரில் ஓர் ஓட்டு வீடு கட்ட வேண்டும் என்று இருந்தார். கட்டியாயிற்று, இல்லையென்றால் கட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது. இடையில் அண்ணன் தம்பியோடு ஒரு சண்டை. அம்மா கண்ணை மூடும்போது பக்கத்தில் இல்லை. எதற்காக இன்னும் இந்த ஊரில் பஸ் பிடித்துக்கொண்டு இருக்கிறோம் என்று இரவில் ஒரு கேள்வி வரும். அது மறுதலித்தவனின் கேள்விதான். அவருக்கும் கலிலேயாவுக்கே போகச் சொல்லித்தான் செய்தி. எருசலேம் கோவில் மண்டபத்துக்கு அல்ல, வலை காயும் கரைக்கு.

ஈஸ்டர் இரவுச் சடங்கில் ஒரு கட்டத்தில் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு நின்று, ஞானஸ்நானத்தின்போது கொடுத்த வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். குழந்தையாக இருந்தபோது தங்களுக்காக மற்றவர்கள் சொன்ன பதிலைத் தாங்களே வாயால் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறார்கள். போன ஆண்டு சொன்னதைக் காப்பாற்றவில்லையே என்று யாரும் நிறுத்தி வைப்பது இல்லை.

பூசை முடிந்து வெளியே வரும்போது வாசலில் மூட்டிய நெருப்பு சாம்பலாகி இருக்கும். உள்ளே அந்தப் பெரிய மெழுகுவர்த்தியை அணைத்துத் தூக்கிவிட மாட்டார்கள். பெந்தெகொஸ்தே திருநாள் வரை, 50 நாட்கள், ஒவ்வொரு பூசையிலும் பீடத்தின் அருகே அது எரியும்.

ஞாயிறு மாலை தங்கவயலில் உறவினர்களை வழியனுப்பிவிட்டு, கோழிக் குழம்பில் மிச்சத்தைச் சுட வைத்து டிபன் டப்பாவில் அடைப்பார்கள். மறுநாள் இருட்டோடு மாரிக்குப்பம் ஸ்டேஷனில் கூட்டம் நிற்கும். ரெயில் வந்ததும் இடம் பிடித்தவர் நகர்ந்து உட்கார்ந்து, நின்றுகொண்டு இருப்பவருக்குப் பாதி இடம் தருவார்.